தம்பி பங்குச் சூடு

ஏகாம்பரநாதர் துணை

காஞ்சிபுரம்,
18.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பரமசிவம் எழுதுவது. இங்கே நான், சங்கரி, சத்யப்ரியா மூன்று பேரும் சுகம். அங்கே நீ, இளவரசன், பொன்னி, குழந்தை எல்லாரும் சுகந்தானே? சூரத்தில் இந்த மாதம் குளிர் அதிகம் என்று டிவியில் சொன்னார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொள். கேட்காத காதுக்குள் குளிர் மட்டும் எப்படிப் போகும் என்று கேட்பாய். பரவாயில்லை, வைத்துக்கொள்.

நான் பேனாவை எடுத்ததைப் பார்த்து சத்யப்ரியா, "ஏம்பா, கடுதாசி எதுக்குபா? அத்தைக்கு ஒரு போன் போட்டா போதாதா?" என்றாள். உனக்குக் கேட்கிற மாதிரி நான் போனில் பேசினால் அங்கே உன் தெருவும் இங்கே பிள்ளையார்பாளையமும் சேர்ந்து கேட்கும். இது அப்படிக் கத்துகிற விஷயம் இல்லை.

அடிவயிற்றில் வீக்கம், தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தால் வலிக்கிறது என்று முன்பே எழுதியிருந்தேன். அது குடலிறக்கம், ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார்கள். அதற்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹெபடைட்டிஸ் பி என்ற கிருமி இருக்கிறதாம். ஈரலைப் பிடிக்கிற காமாலைக் கிருமி. எனக்குக் கண் மஞ்சளாகவில்லை, சாப்பாடு குறையவில்லை. டாக்டரிடம் சொன்னேன். "அது உள்ளயே இருந்துக்கினு இருக்கும் பெரியவரே, வெளியே காட்டாது" என்றார். ஐம்பத்து நான்கு வயதில் பெரியவராகிவிட்டேன், பார்.

இது இன்று நேற்று வந்ததில்லையாம். அநேகமாகப் பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கும் என்கிறார். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். உன்னைச் சொன்னேன். அவர்களையும் உடனே பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

சங்கரிக்கும் சத்யப்ரியாவுக்கும் பார்த்தாயிற்று. இரண்டு பேருக்கும் இல்லை. தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். எனக்குத் தினம் ஒரு மாத்திரை. அடுத்த வாரம் ஸ்கேன் எடுக்கச் சென்னைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். குடலிறக்கத்தை இப்போதைக்குத் தொட மாட்டார்களாம்.

நீயும் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு அக்கா. தாமதம் செய்யாதே.

உன் அன்புத் தம்பி,
பரமசிவம்


காமாட்சி துணை

சூரத்,
29.1.2024

அருமைத் தம்பிக்கு,

அக்கா காவேரி ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சௌக்கியம். குழந்தைக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு ஊரையே கடிக்கிறது. உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத்தான் மனசு ஒரு நிலையில் இல்லை.

கண் மஞ்சளாகாமல் காமாலையா என்று முதலில் நம்பவில்லை. பிறகு எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கு வராமல் எப்படி இருக்கும்? உனக்குத்தான் சூடு போடவே இல்லையே.

உனக்கு அப்போது ஆறு வயது இருக்கும். அம்மாவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்திருந்தாள். அப்பா ஐயம்பேட்டையிலிருந்து சூடு போடுகிற கிழவரைக் கூட்டி வந்தார். அம்மா கையில் போட்டு முடித்ததும் கிழவர், "தாய்க்கு வந்தா புள்ளைங்களுக்கும் வரும். இப்பவே போட்டுட்டா ஜென்மத்துக்கும் கிட்ட வராது, கூட்டியாப்பா" என்றார். கம்பி கரியில் சிவந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு நீ ஓடிப்போய்த் தறிக்குழிக்குள் இறங்கி மிதிகட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாய். உன்னை இழுத்தால் பாவு நூல் அறுந்துபோகும் என்று அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மகனையும் திட்ட முடியவில்லை, தறியில் ஓடிய பட்டையும் விட முடியவில்லை.

நான்தான் கையை நீட்டினேன். "அவனுக்கும் சேத்து எனக்கே போட்டுடுங்க தாத்தா" என்றேன். கிழவர் சிரித்து, "ஒரே ரத்தம்தானே" என்று இரண்டு கோடு இழுத்தார். முதல் கோட்டுக்கு நான் கத்திய கத்தில் நீ எப்போது குழியை விட்டு ஏறி வந்தாயோ தெரியாது. இரண்டாவது கோடு போடும்போது என் சடையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதாய். அன்றைக்குக் கை வலித்ததைவிட எனக்குத் தலை வலித்ததுதான் அதிகம்.

நான் குறுக்கே வந்திருக்கக் கூடாது தம்பி. உன் கையிலேயே போடவிட்டிருந்தால் இன்றைக்கு உனக்கு இது வந்திருக்காது. ராத்திரியெல்லாம் இதுதான் ஓடுகிறது.

எனக்கு ரத்தமெல்லாம் பார்க்க வேண்டாம். எனக்கு ஒன்றுக்கு இரண்டாகச் சூடு இருக்கிறது. மேலும் இதை மருமகள் பொன்னியிடம் போய் எப்படிச் சொல்வேன்? குழந்தையைத் தூக்கவிடுவாளா? நீ மாத்திரையை விடாதே. கீழாநெல்லி அரைத்து மோரில் குடி. எண்ணெய்ப் பலகாரம் கிட்டேயே போகாதே.

உன் உடம்பையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அக்கா காவேரி


ஏகாம்பரநாதர் துணை

காஞ்சிபுரம்,
12.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் நலம். குழந்தை கடிப்பதற்கு ஒரு கேரட் வாங்கிக் கொடுக்கவும்.

நீ குறுக்கே வந்ததால்தான் எனக்கு வந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் கடிதத்தை டாக்டரிடமே எடுத்துப் போய்க் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இந்தப் பக்கத்தில் சூடு போட்ட கையோடு நிறையப் பேர் வருகிறார்களாம். சூட்டுக்கும் இந்தக் கிருமிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, போட்டாலும் வரும், போடாவிட்டாலும் வரும் என்றார். கிழவர் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார். தாய்க்கு வந்தால் பிள்ளைக்கும் வரும் என்பது உண்மை. மருந்துதான் பொய்.

டாக்டர் சொன்னதை விடு. அம்மாவை நினைத்துப் பார். அம்மாவின் இடது கையிலும் அந்தக் கோடு இருந்ததே அக்கா. சூடு போட்ட கைதான் அது. நீ கல்யாணமாகிப் போன பிறகு வயிறு வீங்கிக் கிடந்தபோது அந்தக் கையால்தான் என்னைக் கூப்பிட்டாள். பத்தியம் தவறிவிட்டது, அதனால்தான் வயிறு வீங்கியது என்று பெரியவர்கள் சொன்னதை நாமும் இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது பத்தியம் தவறியது இல்லை. இந்தக் கிருமிதான் அம்மாவின் ஈரலைத் தின்றிருக்கும்.

சேர்ந்து சாப்பிட்டால் வராது, குழந்தையைத் தூக்கினால் வராது. ரத்தத்தில்தான் வரும். அதனால் பொன்னியிடம் தைரியமாகச் சொல். உனக்கும் இருந்து, சும்மா விட்டால், பின்னால் ஈரலில் கட்டி வரக்கூடும். முன்னாலேயே தெரிந்தால் காப்பாற்றிக்கொள்ளலாம்.

அன்றைக்கு எனக்காகக் கையை நீட்டினாய். இன்னும் ஒரே ஒரு தடவை எனக்காக நீட்டு. இந்தத் தடவை வெறும் ஊசிதான். உனக்கு ஏதாவது என்றால் எனக்குத் தாங்காது.

உன் தம்பி,
பரமசிவம்


காமாட்சி துணை

சூரத்,
20.3.2024

அருமைத் தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதம். ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் எழுதவில்லை. கோபம் இல்லை. அம்மா கையில் இருந்த கோட்டை நான் மறந்தே போயிருந்தேன். நீ எழுதிய பிறகு தினமும் அந்தக் கைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. யாரிடமும் சொல்லாமல் என் டம்ளரையும் தட்டையும் தனியாக எடுத்து வைத்தேன். குழந்தையைத் தூக்கவில்லை. இடுப்பு வலி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பொன்னி எத்தனை நாள் பார்ப்பாள்? போன வாரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதருகே, "இன்னா அத்தை, யார் மேல கோவம்? சொல்லிடுங்க" என்றாள். உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். படித்து முடித்தாள். நான் பாதி குடித்து வைத்திருந்த காபியை எடுத்து மடக்கென்று குடித்துவிட்டுக் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். நான் அழுதேன். குழந்தை என் விரலைக் கடித்தது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அவர்கள் பேசுகிற பாஷை காது கேட்டாலும் எனக்குப் புரியாது. பொன்னி ஒரு நோட்டில் எழுதி எழுதிக் காட்டினாள். ரத்தம் எடுக்கிற பெண் இடது கையைத்தான் கேட்டாள். நீட்டினேன். கோடுகளைப் பார்த்து என்னவோ கேட்டாள், பொன்னி ஏதோ சொன்னாள், அந்தப் பெண் என் கையை ஒரு தடவை தடவிவிட்டு அப்புறம் ஊசி போட்டாள். என்னடி சொன்னாய் என்று கேட்டேன். ஒன்று இவங்களுக்கு, ஒன்று இவங்க தம்பிக்கு என்று சொன்னாளாம்.

இருக்கிறது தம்பி. எனக்கும் இருக்கிறது. ஆனால் பயப்படாதே. வயிற்றில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஈரலில் கட்டி எதுவும் இல்லை. எனக்கும் தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். நான் பெற்ற பிள்ளையாச்சே, இளவரசனுக்கும் பார்த்தோம். ரிப்போர்ட் வருகிற வரைக்கும் நான் சாமி படத்தை விட்டு நகரவில்லை. அவனுக்கு இல்லை. குழந்தைக்குப் பிறந்த அன்றே தடுப்பூசி போட்டுவிட்டார்களாம். இப்போதுதான் எனக்கு மூச்சு வருகிறது.

ஒன்று கேட்கிறேன். எனக்கு ரத்தத்தில் இருக்கிறது என்றதும் முதல் வேலையாக ஸ்கேன்தான் எடுத்தார்கள். உனக்கும் அடுத்த வாரம் ஸ்கேன் என்று முதல் கடிதத்தில் எழுதினாய். இரண்டாவது கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதில் என்ன வந்தது?

அன்புடன்,
அக்கா


ஏகாம்பரநாதர் துணை

காஞ்சிபுரம்,
2.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதம் படித்து வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. கட்டி இல்லை என்ற வரியைச் சங்கரி இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். பொன்னிக்கு என் ஆசீர்வாதம். அந்த மாதிரி ஒரு மருமகள் கிடைக்க நீ என்ன பூஜை செய்தாயோ தெரியவில்லை, உன் வாய்க்குக் கிடைத்தது அதிகம்.

பங்குனி உத்திரத் திருக்கல்யாணம் நன்றாக நடந்தது. இந்த வருஷம் கூட்டம் தாங்கவில்லை. சங்கரி கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றை வீடு வரைக்கும் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். தறியில் இப்போது கடுகு நிறத்தில் ஒரு கல்யாணப் புடவை. பச்சைக் கரை. பார்த்தால் உனக்குப் பிடிக்கும். சத்யப்ரியாவின் கம்பெனி பஸ் இப்போது நம் தெருமுனைக்கே வருகிறது, அதனால் விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸுக்கு ஓட வேண்டிய பாடு இல்லை. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ மாத்திரையை மறக்காதே.

உன் தம்பி,
பரமசிவம்


சூரத்,
12.4.2024

அன்புள்ள சங்கரிக்கு,

அண்ணி ஆசீர்வாதம். நீயும் சத்யப்ரியாவும் சௌக்கியமா? உன் பேருக்கு நான் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. எதற்கு என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

ஸ்கேனில் என்ன வந்தது என்று உன் புருஷனைக் கேட்டேன். திருக்கல்யாணம் எழுதியிருக்கிறான், புடவைக் கரை எழுதியிருக்கிறான், நீ செருப்பைத் தொலைத்ததுகூட எழுதியிருக்கிறான். கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பயம் வந்தால் நிறையப் பேசுவான்.

நீ மறைக்காமல் எழுது. நான் தாங்குவேன்.

அண்ணி,
காவேரி


காஞ்சிபுரம்,
22.4.2024

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்கு,

சங்கரி வணக்கம். உங்களிடம் சொல்லக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். நீங்களே கேட்ட பிறகு மறைத்தால் அந்தச் சாமிக்கே பொறுக்காது.

ஈரலில் கட்டி இருக்கிறது அண்ணி. கேன்சர் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். நெல்லிக்காய் அளவுதான், ஒன்றே ஒன்றுதான், வேறெங்கும் பரவவில்லை. கிருமி வருஷக்கணக்காக உள்ளே இருந்ததால் வந்தது என்றார்கள். ஸ்கேன் எடுத்தபோதே தெரியும். தெரிந்த பிறகுதான் உங்களை ரத்தம் பார்க்கச் சொல்லி இரண்டாவது கடிதம் எழுதினார். எழுதும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதினார்.

சென்னை ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழிக்க வேண்டாம் என்றார்கள். விலாவுக்குக் கீழே ஒரு நீள ஊசியை உள்ளே விட்டு, அதன் முனையைச் சூடாக்கிக் கட்டியை மட்டும் கருக்கிவிடுவார்களாம். இப்போது செய்தால் ஊசியோடு போகும், வளரவிட்டால் இதைச் செய்ய முடியாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர்ந்தும் விட்டோம். மறுநாள் காலையில் ஒரு சின்ன டாக்டர் வந்து, நல்ல மனசோடுதான், "பயப்படாதீங்கபா, உள்ள ஒரு சூடு வெச்சுப் பொசுக்கிடுவோம், அவ்ளோதான்" என்றார். இவர் முகம் செத்துப்போய்விட்டது. "டீ குடிச்சுட்டு வரேன்" என்று எழுந்து போனார். நான் ஃபைலையும் ஃபிளாஸ்க்கையும் வைத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். மனுஷர் காஞ்சிபுரம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு ஜுரம் என்று படுத்துக்கொண்டார். ஜுரமெல்லாம் இல்லை. மாதம் இரண்டு ஓடிவிட்டது. நானும் சத்யப்ரியாவும் கெஞ்சிப் பார்த்தோம், சண்டை போட்டோம். "இந்தப் பொடவை முடியட்டும்" என்கிறார். வழக்கமாகத் தறியிலிருந்து அறுத்து எடுக்கிற நாளைத் தாண்டியும் அந்தப் புடவை முடியவே இல்லை அண்ணி. பகலெல்லாம் குழியில்தான் இருக்கிறார், ஆனால் தறிச் சத்தமே கேட்பதில்லை.

நீங்கள் சொன்னால் கேட்பார். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உங்கள்,
சங்கரி


காமாட்சி துணை

சூரத்,
28.4.2024

தம்பி பரமசிவத்துக்கு,

அக்கா எழுதுவது. சௌக்கியம் விசாரிக்கவில்லை. உன் சௌக்கியம் எனக்குத் தெரிந்துவிட்டது. சங்கரியைத் திட்டாதே, நான்தான் பிடுங்கினேன்.

கட்டியை வயிற்றில் வைத்துக்கொண்டு எனக்குக் கட்டி வரக் கூடாதே என்று கடிதம் எழுதினாயாடா? நீ ஸ்கேன் எடுத்துக்கொண்டு நின்ற நாளில் நான் உனக்குக் கீழாநெல்லி சொல்லிக்கொண்டிருந்தேனே. எனக்குக் கட்டி இல்லை என்று நான் சந்தோஷமாக எழுதிய கடிதத்தை நீ எப்படி வாசித்திருப்பாய் என்று நினைத்தால் நெஞ்சு வெடிக்கிறது.

டீ குடிக்கப் போனாயாமே! இவ்வளவு வருஷத்தில் நல்ல பொய் ஒன்றுகூடக் கற்றுக்கொள்ளவில்லை.

உன் பயம் எனக்குத் தெரியாதா? சிவந்த கம்பியை நீ பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கு நீ ஓடியதில் தப்பே இல்லை தம்பி. அது ஒன்றுக்கும் ஆகாத சூடு. அதை வாங்கிக்கொண்ட நான்தான் பைத்தியக்காரி, அம்மாவையும் அது காப்பாற்றவில்லை, என்னையும் காப்பாற்றவில்லை. நீ அதற்கு ஓடியது சரி. ஆனால் இந்தச் சூட்டுக்கு ஓடாதே. இது கட்டியைப் பார்த்து, அளவு பார்த்து, மயக்கம் கொடுத்து வைக்கிற சூடு. பொன்னி எங்கள் டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுதிக் காட்டினாள். சின்னக் கட்டியாக இருக்கும்போதே கருக்கினால் நல்ல பலன் உண்டு என்றார். தள்ளிப்போடுகிற ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டிக்குத்தான் லாபம்.

அன்றைக்கு உன் பங்குக்கும் சேர்த்து நான் கையை நீட்டினேன். இன்றைக்கும் நீட்டுவேன். கையில் இன்னும் இடம் இருக்கிறது, பத்துக் கோடு வேண்டுமானாலும் போடச் சொல். ஆனால் என் கையில் போட்டால் உன் கட்டி கருகாதேடா. இந்த ஒன்றை மட்டும் உனக்காக நான் வாங்க முடியாது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நீ எழுதிய ஒரு வார்த்தைக்காக நான் பாஷை தெரியாத ஊரில் கையை நீட்டினேன். எனக்காக நீ குழியை விட்டு ஏறி வர மாட்டாயா? அம்மாவை வழியனுப்பினது போதும். உன்னையும் அனுப்பிவிட்டு நான் யாருக்குக் கடிதம் எழுதுவேன்?

பொன்னியோடு ரயிலுக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். சேர வேண்டிய தேதியை மட்டும் எழுது.

அக்கா


ஏகாம்பரநாதர் துணை

காஞ்சிபுரம்,
7.5.2024

அக்காவுக்கு,

வணக்கம். குழியில் உட்கார்ந்துதான் உன் கடிதத்தைப் படித்தேன். முடித்துவிட்டு ஏறி வந்து சங்கரியிடம், "ஃபைலை எடுமா" என்றேன். அவள் ஃபிளாஸ்க்கைக் கழுவப் போனாள்.

சூட்டுக்கு மட்டும் பயம் இல்லை. அம்மாவின் வயிறு ஞாபகம் வருகிறது. உள்ளே போனால் அதே மாதிரிதான் வெளியே வருவேன் என்று ஒரு எண்ணம். அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் புடவையைச் சாக்குச் சொன்னேன்.

மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கொஞ்சம் வளர்ந்திருக்கிறது, ஆனாலும் ஊசிக்குள் அடங்கும் என்றார்கள். இன்னும் தாமதித்திருந்தால் அடங்கியிருக்காதாம். இருபதாம் தேதி சேரச் சொல்லியிருக்கிறார்கள். நீ வா. நீ வருகிற வரைக்கும் டீ குடிக்கக்கூடப் போக மாட்டேன்.

தம்பி


ஏகாம்பரநாதர் துணை

காஞ்சிபுரம்,
24.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். நாங்கள் சுகம். நீயும் பொன்னியும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. சங்கரி இன்னும் உனக்குச் சேர்த்தே அரிசி போடுகிறாள்.

முதலில் நல்ல செய்தி. நேற்று ஸ்கேன் பார்த்தார்கள். கட்டி இருந்த இடம் முழுசாகக் கருகிவிட்டதாம். புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஈரல் பழுதுபட்ட ஈரல்தான், வேறு இடத்தில் மறுபடி வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். வந்தால் மறுபடி சுடுவார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். கடுகுப் புடவையை அறுத்துக் கொடுத்துவிட்டேன். இப்போது தறியில் மயில் கழுத்து நிறம்.

இனி, இந்தக் கடிதம் எழுதுகிற காரணம். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வார்டில் கத்திப் பேச முடியவில்லை. நீ இங்கே இருந்தவரைக்கும் வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து அந்தக் கதவுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். இறங்கி ஓடிவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வாசல் எந்தப் பக்கம் என்றுகூடப் பார்த்துவிட்டேன். நீ என்ன நினைத்தாயோ, சட்டென்று கொண்டையை அவிழ்த்தாய். அந்த நரைத்த மயிரைப் பரபரவென்று பின்னினாய். நர்ஸம்மா, "இன்னாமா பண்றீங்க, நேரமாவுது" என்று சத்தம் போட்டார்கள், உனக்குக் கேட்கவில்லை. சடை நுனியை என் கையில் கொடுத்தாய். நான் பிடித்துக்கொண்டேன். வண்டி நகர்ந்தது, நான் விடவில்லை, நீ குனிந்துகொண்டே கதவு வரைக்கும் கூடவே நடந்து வந்தாய்.

கதவுக்கிட்டே நான் ஒன்று சொன்னேன். உனக்குக் கேட்டிருக்காது என்று தெரியும். இதுதான் சொன்னேன்: "போதுங்கா, விடு. என் பங்கை நானே வாங்கிக்கினு வரேன்."

அப்புறம்தான் கையை எடுத்தேன்.

உள்ளே மயக்கம் கொடுக்கிற டாக்டர், "இதுக்கு முன்னாடி எங்கயாவது சூடு பட்டிருக்குதா?" என்று கேட்டார். எங்க அக்கா கையில் பட்டிருக்கிறது என்று சொன்னேன். மயக்கம் ஏறிவிட்டது, உளறுகிறான் என்று நினைத்திருப்பார்.

உன் தம்பி,
பரமசிவம்


காமாட்சி துணை

சூரத்,
3.8.2024

அருமைத் தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதம். உன் கடிதத்தைப் பொன்னி சத்தமாக வாசித்தாள், இளவரசன் கேட்டான், அப்புறம் நான் தனியாக எடுத்துப் போய்ப் படித்தேன். கருகிவிட்டது என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே.

அன்றைக்கு உன் வாய் அசைந்ததைப் பார்த்தேன். நீ அம்மாவைக் கூப்பிடுகிறாய் என்று நினைத்து அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அப்படி அழுதேன். சங்கரிக்கு என்னைத் தேற்றுவதே வேலையாகிவிட்டது. இதை அன்றைக்கே எழுதிக் காட்டியிருந்தால் ஆகாதா?

எனக்கு அடுத்த மாதம் ஸ்கேன். உனக்கும் அதற்குப் பக்கத்தில்தான் வரும். நான் அங்கே வந்துவிடுகிறேன், இரண்டு பேரும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ளலாம். யாருக்கு என்ன வந்தாலும் மறைக்கிற பேச்சே கூடாது. திருக்கல்யாணம், செருப்பு எல்லாம் அதற்கப்புறம் எழுதினால் போதும்.

மற்றபடி இங்கே எல்லாரும் சுகம். எனக்கு ஒரே ஒரு குறைதான். அவ்வளவு கெட்டியாகவா பிடிப்பது? ஊருக்கு வந்து சேர்கிற வரைக்கும் தலை வலித்தது.

அடுத்த தடவை வேண்டியிருந்தாலும் அப்படியே பிடித்துக்கொள்.

அக்கா